உலகம்மை குடம்

ரெம்பக் காலத்துக்கு முந்தி, மலையடியில நம்ம கோம்பைக்குளத்துல மொத்தமே பத்து வீடுதானாம். அதுல பச்சிலை தெரிஞ்சவ ஒருத்தி இருந்திருக்கா. உலகம்மைன்னு பேரு. முப்பது வயசு இருக்குமாம். எங்க வழியில வந்தவதான்.

ஒருநாளு உச்சி வெயில்ல மாடக்கண்ணு வீட்டுலருந்து ஆள் வந்துதாம். அவரு மருமக சடச்சிக்குப் புள்ளை பெறந்துட்டு, நஞ்சுக்கொடி விழல. ரத்தம் போகுது, போகுது, நிக்கவே இல்லையாம்.

உலகம்மை ஓடிப்போயி, முத்தத்து அம்மியில கலப்பைக் கிழங்கை அரைச்சா. உள்ள போயி சடச்சியோட ரெண்டு உள்ளங்கால்லயும் அப்புனா. அந்தக் கிழங்கு வயித்துக்குள்ள போனா ஆளைக் கொல்லும். கால்ல பூசுனா கொடியைத் தள்ளும். ஆனா கொடி விழுந்த கையோட கழுவிரணும். இல்லன்னா கர்ப்பப்பையும் சேந்து வந்துரும்னு சொல்லுவாவ.

மாடக்கண்ணு அம்மியில கெடந்த மிச்சக் கிழங்கைப் பாத்துட்டாரு. அவரு பெத்த மக அதைத் தின்னுதான் செத்தாளாம். மருமகளுக்கும் அதைத் தின்னக் குடுத்துட்டதா நெனைச்சுட்டாரு. பேறு பாக்குற அறைக்குள்ள ஆம்பள போகக்கூடாது. வெளிய தாப்பாளைப் போட்டாரு.

"எம் மருமக செத்தா, நீயும் இதுக்குள்ளதான் கெடப்ப"ன்னாராம்.

உள்ள கொடி விழுந்துட்டு. குடத்துல சொட்டுத் தண்ணி இல்ல. புள்ளையக் குளிப்பாட்டுனதுல தீந்துபோச்சு. தண்ணி தாங்கன்னு உலகம்மை கதவைத் தட்டுதா. தப்பிச்சு ஓடப் பாக்குதான்னு நெனைச்சு அவரு தொறக்கல. தட்டுதா, தட்டுதா, தொறக்கல. முந்தானையால சடச்சி உள்ளங்காலைத் தொடைச்சுப் பாத்தா. காஞ்சு ஒட்டுனது வரல. சடச்சி மயக்கத்துல முனகுதா.

நாக்குல பட்டா என்னாகும்னு உலகம்மைக்குத் தெரியாதா? தெரியும். குனிஞ்சா. நக்கி நக்கித் துப்புனா. ஒரு காலு முடிஞ்சுது. மறு காலையும் எடுத்து மடியில வச்சா.

பெறகு உள்ளருந்து சடச்சி கொரலு கேட்டுதாம்.

"மாமா, நான் நல்லாத்தான் இருக்கேன். இவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி கொண்டாங்க."

தொறந்தா, உலகம்மை உதடெல்லாம் வெந்து வீங்கிக் கெடக்கு. மாடக்கண்ணே குடத்தைத் தூக்கிட்டு அந்த அறைக்குள்ள போனாராம். அவளால பேச முடியல. மூணாம் நாளு போயிட்டா.

அதுலருந்து நம்ம ஊருல பேறு பாக்குற அறைக்கு வெளித்தாப்பாள் கெடையாது. மருமகளுக்கு வலி கண்டா, மாமனாரு தன் கையால ஒரு குடம் தண்ணி கோரி உள்ள வைக்கணும். அதுக்குத்தான் உலகம்மை குடம்னு பேரு. இப்ப எல்லாரும் ஆசுபத்திரிக்குப் போறாவ. ஆனாலும் வண்டி கெளம்புமுன்ன மாமனாரு குடத்தோட வந்து, குனிஞ்சு, மருமக ரெண்டு உள்ளங்காலையும் கழுவித்தான் அனுப்புவாரு.