என் பாத்தி பீன்ஸ்

பீன்ஸை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் வாடிவிடும். தோட்டம் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சொன்னேன்.

எங்கள் கொல்லையில் பாதி எனக்கு, பாதி என் கொழுந்தன் மனைவிக்கு. எல்லோருக்கும் அவள் சின்னவள். தங்கமானவள். அவள்மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் எதை நட்டாலும் காய்த்துக் குலுங்கும். என் பக்கம் பூவோடு உதிரும். இந்த வருடம்தான் அவள் செடிகளில் பூச்சி விழுந்தது, என் பாத்தியில் பீன்ஸ் காய்த்துத் தள்ளியது. அதைப் பார்த்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மிஞ்சிய காயைச் சின்னவள்தான் உப்புத் தண்ணீரோடு கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பெரிய குக்கரில் வைத்து வேகவிடுவாள். மாதக்கணக்கில் கெடாது. எனக்கு அந்தப் பக்குவம் வராது. என் காயையும் அவளிடம் கொடுத்தேன். சமையலறைப் பக்கம் வந்த என் கணவர், "அடடே, சின்னவ பீன்ஸ் தயாராகுதா? இந்த வருஷமும் ஜமாய்ச்சிடுவா" என்றார்.

சின்னவ பீன்ஸாம். இடுப்பொடியக் குனிந்து பறித்தவள் நான்.

பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் சொன்னாள்: "அக்கா, அடுப்பை மட்டும் அணைச்சிடாதீங்க. வேக்காடு குறைஞ்சா உள்ளயே விஷமாயிடும். மோந்து பாத்தாக்கூடத் தெரியாது."

"போயிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் தெருமுனை திரும்பியதும் அணைத்தேன். உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கேட் சத்தம் கேட்டதும் மறுபடி பற்றவைத்தேன். ஜாடி கெட்டு நாறட்டும், அவள் முகம் சுண்டட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். நாறாது என்று அவளே சொன்னாளே என்கிறீர்களா? ஆமாம். காதில் விழுந்தது.

போன மாதம் சின்னவள் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. அவர்கள் வரும்வரை என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஜாடியைத் திறயேன்" என்றார். திறந்து, வெங்காயம் நறுக்கிக் கலந்து தட்டில் வைத்தேன். எனக்கு அன்று பசியில்லை.

"என்ன இருந்தாலும் சின்னவ கை கைதான். உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுடி" என்று சிரித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

போட்டேன்.

மறுநாள் அவருக்கு நாக்குக் குழறியது. அப்புறம் மூச்சு. ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இவ்வளவு நாள் கழித்து ஏன் வந்தேன் என்கிறீர்கள். மனசாட்சி என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று சின்னவள் இதே ஸ்டேஷனுக்கு வந்து, "நான் போட்ட பீன்ஸ்தான் மாமாவைக் கொன்னுடுச்சு" என்று அழுதாளாமே. தெரு முழுக்க அதே பேச்சு. சின்னவ பீன்ஸ், சின்னவ பீன்ஸ். எனக்கு ஒருவாய் சோறு இறங்கவில்லை.

அது என் பாத்தியில் காய்த்தது, ஐயா. அடுப்பை அணைத்ததும் என் கை. இதையாவது என் பேரில் எழுதுங்கள்.