நாளைக்கு வா: ஒம்போது பாட்டு

செருப்பக் கழட்ட வேணாம் சார், அப்படியே உள்ள வாங்க. வாசல்ல நின்னுக்கினு கத்துனா தெருவே வேடிக்க பாக்கும். உங்க பொண்ணு இங்க இல்ல. கட்டிலுக்கு அடியிலகூட பாத்துக்கங்க, வெட்டுத்துணி மூட்டதான் கெடக்குது. என் பையன் ஜான்சனும் இல்ல. ஐயோ, அதச் சொன்னதும் மொகம் எப்படி செவக்குது பாரு! உக்காருங்க சார். இருங்க, அந்தச் சேர் மேல ஊசி கெடக்கும், எடுத்துடுறேன்.

எங்க போனாங்கன்னு சொல்றேன். சொல்லாம எங்க போவேன்? ஆனா மொதல்லருந்து சொன்னாத்தான் வெளங்கும். மணி இன்னா சார்? பத்தே காலா? நல்லது. தண்ணி குடிக்கிறீங்களா? வேணாமா? சரி, சொம்பு இங்கயே இருக்கட்டும்.

லவ்வா? யாரு சொன்னது, டீக்கடைக்காரனா? அவனுக்கு ரெண்டு பேரு ஒரே பஸ்ஸுல ஏறுனாலே கல்யாணப் பத்திரிக அடிச்சாவணும். நீங்க கணக்கு வாத்தியாரு, நீங்க போயி அவன் பேச்ச நம்பலாமா? கையில வச்சிருக்கீங்களே அந்த சிடி, அதான் சமாச்சாரம். மேல இன்னா போட்டிருக்குது? நாளைக்கு வா. அந்தப் பேரு வந்ததே என்னாலதான் சார்.

உங்க ஊட்டு வைதேகியம்மா ரவிக்கையெல்லாம் பன்னெண்டு வருசமா நான்தான் தைக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா? சரி, அதெல்லாம் ஆம்பளைங்க எங்க கேக்குறீங்க. போன வருசம் பெருமழ பேஞ்சதே, அந்த ஐப்பசில உங்க ஜானவி காலேஜ் விழாவுக்குன்னு ஒரு பட்டு ரவிக்க துணி குடுத்துச்சி. நான் நாளைக்கு வாம்மான்னேன். மறுநாளும் நாளைக்கு வாம்மான்னேன். தையக்காரி பொழப்பே அதான் சார். பதினாறு நாளு அலைய வுட்டேன்.

பதினாறாம் நாளு வந்திச்சி பாருங்க. இதோ இந்த நெலப்படியில நின்னுது. மொத நாளு நூலு இல்ல, ரெண்டா நாளு ஆளு இல்ல, மூணா நாளு கரண்டு இல்ல, நாலா நாளு நீயே இல்லன்னு ஆரம்பிச்சி, பதினாறு நாளையும் வரிசையா, மூச்சு வுடாம திட்டுது. நான் மெஷின நிறுத்தல. நிறுத்துனா பதில் சொல்லணுமே! நான் மிதிக்க மிதிக்க டக்கு டக்குனு மெஷின் ஓடுது, அதுக்கு மேல அது ஏறி ஏறித் திட்டுது. ஒரு வார்த்த தப்பல.

உள்ரூம்லருந்து என் பையன் ஓடியாறான். கழுத்துல ஹெட்போனு, கையில மைக்கு. மைக்செட் வேல போவ மிச்ச நேரம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடிதான் கெடப்பான். இன்னொரு தபா திட்டுங்களேன்றான். யாருடா நீன்னுது உங்க பொண்ணு. நீங்க திட்டுனது ராப்புங்க, தாளத்துக்குப் பேசுற பாட்டு, தெரிஞ்சி பண்ணீங்களா தெரியாம பண்ணீங்களான்னான். அதுக்குக் கோவத்துல சிரிப்பு வந்துடிச்சி. மறுபடியும் திட்டுச்சி. மொத பாட்டு அது. இன்னிக்கி வரைக்கும் அந்த ரவிக்க முடியல, அது வேற விசயம்.

அப்புறம் வாரத்துல ரெண்டு நாளு, காலேஜ் வுட்டதும் வரும். கதவு தொறந்தேதான் இருக்கும் சார். நடுவுல நான், என் மெஷினு. உங்க பொண்ணு எத வேணாலும் பாட்டாக்கிடும். பஸ்ல இடிக்கிறவன், பொண்ணு பாக்க வந்து மார்க்கு கேட்ட மாப்ள, எல்லாம். இவன் அதுக்கு அடியில கம்ப்யூட்டர்ல டிங்கு டிங்குனு மெட்டு போடுவான். சர்ச்சு கீபோர்டு, என் தையமெஷின் சத்தம், ஐயம்பேட்ட ஐயம்பேட்டன்னு ஷேர் ஆட்டோக்காரன் கூவுறது, எல்லாத்தையும் புடிச்சி அதுக்குள்ள போட்டான். எனக்குக் கேக்கறப்ப மிக்ஸில கரண்டி மாட்டுன மாதிரிதான் இருந்துச்சி. ஆனா காலு ஆடுது சார். நான் இன்னா பண்ணட்டும்?

அந்த மூச்சு எங்கருந்து வந்துச்சின்னு கேளுங்க. உங்ககிட்டருந்துதான். சின்னதுல வெடிகாலையில எழுப்பி சுலோகம் சொல்ல வப்பீங்களாமே, நடுவுல மூச்சு வுட்டா மறுபடியும் மொதல்லருந்துன்னு? எங்கப்பா போட்ட பிச்ச ஆண்ட்டி இந்த மூச்சுன்னு எங்கிட்ட சொல்லும். ஏன் சார் மொகத்த அந்தாண்ட திருப்பிக்கிறீங்க? சிரிக்கிறீங்களா? சிரிக்காதீங்க. நீங்க திட்டுவீங்கன்னு பதில் யோசிச்சி வச்சிருந்தேன், எல்லாம் வீணாப் பூடும்.

ஜான்சன் ஞாபகம் இருக்குதா உங்களுக்கு? எட்டாவதுல உங்க கிளாஸு. டெஸ்க்குல தாளம் போட்டான்னு வெளிய நிக்க வப்பீங்களே, அவனேதான். வெளிய நின்னு ஜன்னக் கம்பில தட்டுவானாம்.

லவ்வுன்றீங்களே, அதுங்க போட்ட சண்டய பாத்திருந்தா அப்படிக் கேக்க மாட்டீங்க. அஞ்சாவது பாட்டுல உங்க பொண்ணு கொரல இவன் கம்ப்யூட்டர்ல குடுத்து தகர டப்பா மாதிரி ஆக்கிட்டான். இப்ப ஃபாரின்ல இப்படித்தான்மான்றான். என் கொரலு எனக்கு வேணும்டான்னு அது கெளம்பிப் போச்சி. நாப்பது நாளு வரல. இவன் சோறு தின்ன மாட்டான், தகரத்தையும் எடுக்க மாட்டான். ரெண்டும் ஒரே புடிவாதம்.

அப்புறம் ஒருநா உங்க பொண்ணு அவங்கம்மா ரவிக்கய வாங்கிக்கினு போவ வந்துச்சி. அந்நேரம் பாத்து கரண்டு பூடிச்சி. கம்ப்யூட்டரு செத்துப் போச்சி, ஊடே கம்முனு இருக்குது. இவன் மெதுவா கத்திரிக்கோல எடுத்து வெட்டுற பலகையில தட்டுறான். எம்மாம் நேரந்தான் கேட்டுக்கினு சும்மா நிக்கும்? அந்த அஞ்சாவது பாட்ட வெறுங்கொரல்ல பாடிச்சி சார். எனக்கு மெஷின்ல கை ஓடல. பாட்டு முடிஞ்சதும் ஜான்சன் சொன்னான், நீ முன்னாடி இப்படியே பேசு, தகரத்த பின்னாடி வச்சிக்கிறேன். இப்ப கேளுங்க அந்தப் பாட்ட, முன்னாடி ஒரு ஜானவி வாயாடுது, பின்னாடி ஒரு ஜானவி தகரமாப் பாடுது. சண்டயும் தெரியுது, சமாதானமும் தெரியுது.

அட, தண்ணி குடிச்சிட்டீங்களா! இன்னொரு சொம்பு தரட்டா? இருங்க.

ஒம்போது பாட்டு ஆச்சி. சிடி போட்டு காலேஜுல குடுத்துச்சிங்க. பாதிப் பேரு காறித் துப்புனான், பொம்பளப்புள்ளைக்கு இம்மாம் வாயான்னு. பாதிப் பேரு காப்பி போட்டுக்கினான். ஜான்சன் சிநேகிதன் சாமுவேலு மெட்ராஸ்ல எஃப்எம் ஸ்டேஷன்ல இருக்குறான், அவன் ஒண்ண எடுத்துக்கினு போனான். போன வாரம் போனு வந்துச்சி. நேருல வந்து பாடுங்க, பாடப் பாட அப்படியே ஊரு பூரா கேக்கும்னு. அங்கதான் சார் போயிருக்காங்க. இன்னிக்கி, பதினொரு மணிக்கு.

எங்க எழுந்திரிக்கிறீங்க? இப்ப பஸ் ஏறுனாலும் மெட்ராஸ் போயிச் சேர ரெண்டு மணி நேரம் ஆவும். மணி இப்பவே பத்து அம்பத்தஞ்சி. உக்காருங்க. மொட்ட மாடி வரைக்கும் ஒயரு இழுத்து வச்சிருக்கிறான், ரேடியோ நல்லாவே எடுக்கும். இதோ, வெளம்பரம் ஓடுது.

வயசுப் பொண்ண தனியாவா அனுப்புனேன்னு பாக்காதீங்க. அவங்கம்மாவும் கூடத்தான் போயிருக்காங்க. ஆமா சார், வைதேகியம்மாதான். கூரம் கிராமத்துல தங்கச்சியப் பாக்கப் போறேன்னா சொன்னாங்க? சரிதான். இன்னிக்கிப் பாடப் போறது இந்த சிடில இருக்குற பாட்டு இல்ல, புதுசு. அது எழுதுனது உங்க பொண்ணும் இல்ல, என் பையனும் இல்ல. வைதேகியம்மா. அளவு குடுக்கற சாக்குல இங்க வந்து உக்காந்துக்கினு, கோடு போட்ட நோட்டுல எழுதுவாங்க, அடிப்பாங்க, எழுதுவாங்க. இருவத்திமூணு வருசமா உங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சி, நீங்க குறுக்க பேசிப் பாதியில நின்ன பேச்செல்லாம் இருக்குதாமே, அது பூரா அந்தப் பாட்டுல முடியுது. நான் கேட்டேன். கோவமா ஆரம்பிக்குது சார், ஆனா கடசி வரைக்கும் கோவம் இல்ல.

எங்க ஊட்டுக்காரருக்கு விசயம் எட்டும், கொதிச்சிக்கினு உங்க ஊட்டுக்குத்தான் வருவாரு, எப்படியாச்சும் பதினொண்ணு வரைக்கும் பேசி உக்கார வையி பொன்னியம்மா, எங்க ஊட்ல ரேடியோ கெடையாதுன்னு அவங்கதான் என் கையப் புடிச்சிச் சொல்லிட்டுப் போனாங்க.

இதோ, பேரு சொல்றாங்க. சத்தம் ஏத்தட்டுமா சார்?