ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை

ஜானு: …தள்ளி நில்லு பா, செதில் பேன்ட்டுல தெறிக்கும். நல்லா இஸ்திரி போட்ட பேன்ட்டு வேற.

ஜவஹர்: பரவால்ல.

ஜானு: இன்னா பரவால்ல? காலைல பொண்ணு பாக்கப் போறவன் கணக்கா டி.நகருக்குப் போன. இப்ப வந்து எங்க குப்பத்து மீன்கடையில மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கிற. இன்னா ஆச்சு?

ஜவஹர்: தண்ணி இருக்கா?

ஜானு: அந்தக் கேன்ல கீது. ஐஸ் தண்ணிய எடுத்துடாத, அது மீனுக்கு… யம்மா, சங்கரா பாரும்மா! கண்ணைப் பாரு, இப்பதான் கரையேறுச்சு!… போய்டுச்சு. நீ சொல்லு.

ஜவஹர்: கூட்டம் நல்லா நடந்தது.

ஜானு: கல்யாணமா நல்லா நடக்கறதுக்கு? நம்ம நெட்டுக்கு நம்பர் கெடைக்குமா, கெடைக்காதா?

ஜவஹர்: ஒரே வார்த்தைல சொல்ல முடியாது ஜானு. அங்க ஓட்டுப் போடற வழக்கம் கிடையாது. உலகத்துக்கே இந்த நெட் நம்பரை, அதான் ஐ.பி. அட்ரஸை, பிரிச்சுக் குடுக்கறது அஞ்சு ஆபீஸ். நம்ம பக்கத்துக்கு ஒண்ணு. அந்த ஆபீஸ் தானா ரூல் போடாது. யார் வேணா எழுதிக் குடுக்கலாம், யார் வேணா எழுந்து பேசலாம். பேசிப் பேசி எல்லாரும் ஒத்துவந்தாத்தான்…

ஜானு: தெர்யும் பா. ஆறு மாசமா இதையேதான் சொல்லிகினு கீற. கூரை கூரையா ஏறி நம்ம குப்பத்து நெட்டுக்கு ஒயர் இழுத்தவ நானு. எனக்கே பாடம் எடுக்கிறியா? ஒத்துவந்தாங்களா?

ஜவஹர்: …எதிர்ப்பு இருந்தது.

ஜானு: யாரு? அந்தப் பெரிய கம்பெனிக்காரனா?

ஜவஹர்: அவங்களா இருந்தா திட்டிட்டாவது வந்திருப்பேன். விசாலாக்ஷின்னு ஒரு மேடம். மயிலாப்பூர்க்காரங்க. ரொம்ப வருஷமா இந்தக் கூட்டங்களுக்கு வர்றவங்க. நல்லவங்க.

ஜானு: நல்லவங்க இன்னாத்துக்கு எதிர்க்கிறாங்க?

ஜவஹர்: நாம என்ன எழுதினோம்? பழைய நம்பரெல்லாம் தீந்துபோச்சு. மூடிப்போன கம்பெனிகள்லேர்ந்து எப்பவாவது கொஞ்சம் திரும்பி வரும். அதுல ஒரு பங்கை, ஜனங்களே சேர்ந்து நடத்தற நெட்டுக்குன்னு ஒதுக்கி வைங்கன்னு.

ஜானு: ஆமா.

ஜவஹர்: "எது ஜனங்க நடத்தறது, எது கம்பெனி போட்ட வேஷம்னு யாரு பாத்துச் சொல்றது? நாளைக்கே ஒரு பெரிய கம்பெனி பத்து குப்பத்துப் பேர்ல பத்து சங்கம் பதிஞ்சு மொத்தத்தையும் அள்ளிண்டு போயிடுமே"ன்னாங்க.

ஜானு: …அதுவும் சரிதானே?

ஜவஹர்: சரிதான். அதான் கஷ்டம்.

ஜானு: நீ இன்னா பதில் சொன்ன?

ஜவஹர்: சொன்னேன்.

ஜானு: இன்னான்னு?

ஜவஹர்: எழுந்து போனேன். மைக் முன்னாடி நின்னு… ஒரு குப்பம் முழுக்க ஒரே நம்பர்ல ஒண்டுக் குடித்தனம் இருக்குன்னு ஆரம்பிச்சேன். ஒரு வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தாலும் மொத்தக் குப்பத்தையும் திருடன்னு சொல்லி வாசல்லயே நிறுத்தறாங்கன்னு.

ஜானு: நல்லாத்தான் கீது. அன்பு கதைய சொன்னியா?

ஜவஹர்: சொன்னேன்.

ஜானு: எப்டி சொன்ன? சொல்லிக் காட்டு.

ஜவஹர்: இப்ப எதுக்கு ஜானு…

ஜானு: என் தங்கச்சி கதைய நான் கேக்கக் கூடாதா?

ஜவஹர்: …அன்புச்செல்வின்னு ஒரு பொண்ணு. நர்ஸிங் படிக்கணும்னு ஆசை. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். அன்னைக்குன்னு பார்த்து புயல், ஃபோன் டவர் எதுவும் வேலை செய்யல. எங்க நெட்டு மட்டும்தான் ஓடுது. காலேஜ் சைட்டைத் திறந்தா, 'உங்க நம்பர்மேல சந்தேகம்'னு வருது. ரோபோ இல்லைன்னு காட்ட பஸ் படத்தைத் தொடு, சிக்னல் படத்தைத் தொடுன்னு கேக்குது. தொடத் தொட, திரும்பத் திரும்ப…

ஜானு: பஸ்ஸையெல்லாம் கரெக்டாத்தான் தொட்டா.

ஜவஹர்: தெரியும்.

ஜானு: அழுதுகினே தொட்டா. நான் பக்கத்துல குந்திகினு, "அதோ பாரு, அந்த மூலைல பாதி டயர் தெரியுது, அதையும் தொடு"ன்னு சொல்லிகினு இருந்தேன். அப்பால மழைல பெசன்ட் நகர் ஃபுல்லா ஓடினோம். ஒரு கடையும் தொறக்கல. திரும்பி வந்து பாத்தா, சைட்டையே மூடிட்டான்.

ஜவஹர்: அதையும் சொன்னேன்.

ஜானு: ஹால்ல இருந்தவங்க இன்னா பண்ணாங்க?

ஜவஹர்: அமைதியா கேட்டாங்க. ஒருத்தர் கண்ணைக்கூடத் துடைச்சுக்கிட்டார்.

ஜானு: அடேங்கப்பா! எந்த ஊரு?

ஜவஹர்: ஜப்பான்காரர் மாதிரி இருந்தது.

ஜானு: ஜப்பான்காரரு அழுதாரு. எங்கம்மா அழல, தெர்யுமா? "போனா போவுது, கடைல குந்து"ன்னுட்சு. அன்பும் குந்திட்டா. இப்ப என்னைவிட நல்லா வெட்றா… இந்தாம்மா, ஆஞ்சு வெச்சிட்டேன். தலை வேணுமா? வேணாமா? சரி, மஞ்சள் போட்டுக் கழுவு, நாளைக்கு நெத்திலி வரும், வா… ம், அப்பால?

ஜவஹர்: அப்புறம் என்ன… தலைவர் கேட்டார், இதுக்கு ஒத்துவர்றீங்களான்னு. கொஞ்சம் பேர் கை தூக்கினாங்க. நிறைய பேர் தூக்கல. 'ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை'ன்னு அறிவிச்சுட்டார்.

ஜானு: தலைவரு ஆம்பளையா?

ஜவஹர்: ஆமா… ஏன்?

ஜானு: சும்மாதான். அவ்ளோதானா? முடிஞ்சிச்சா?

ஜவஹர்: முடியல, முடியல. மறுபடி மெயில்ல விவாதிக்கலாம். திருத்தி எழுதி அடுத்த கூட்டத்துல வைக்கலாம்.

ஜானு: அடுத்த கூட்டம் எங்க?

ஜவஹர்: வேற ஏதோ நாட்டுல.

ஜானு: அதுக்குள்ள அந்தத் திரும்பி வந்த நம்பருங்க?

ஜவஹர்: பழைய ரூல்படி வரிசைல நிக்கறவங்களுக்குப் போயிடும்.

ஜானு: நாம அந்த வரிசைல எங்க கீறோம்?

ஜவஹர்: …வால்ல. நம்ம வரைக்கும் வராது.

ஜானு: புதுசா வேற ஒரு நம்பர் கீது, கடல் மணல் கணக்கா, எண்ணவே முடியாதுன்னு சொன்னியே.

ஜவஹர்: அது நம்மகிட்டயே இருக்கு ஜானு. என்ன புண்ணியம்? அந்த காலேஜ் சைட்டுக்குப் பழைய நம்பர் மட்டும்தான் தெரியும். நாம மட்டும் புது பாஷை பேசி என்ன பண்றது?

ஜானு: கோயில் தெருவுல பாதி வீடு நம்ம நெட்டுப் பொட்டியத் திருப்பிக் குடுத்துட்சு. மத்தியானம் சொன்னாங்களாம், கம்பெனி நெட்டு போட்டுக்கறோம்னு. மீதி பேரும் குடுத்துடுவாங்க.

ஜவஹர்: நான் பேசிப் பாக்கறேன்.

ஜானு: நீ பேசுவ?

ஜவஹர்: என்ன அப்படிக் கேக்கற?

ஜானு: ஒண்ணுமில்ல. நீ மைக்ல பேசறப்ப யாரு உன் பக்கத்துல நின்னுகினு இருந்தாங்க?

ஜவஹர்: இதென்ன போலீஸ் மாதிரி…

ஜானு: தலைவரு ஆம்பள இல்ல ஜவஹர். காலைலதான் ஆம்பள. சோத்துக்கு அப்பால, முடிய வெட்டிவுட்டுகினு ஒரு அம்மா வந்துச்சு. நம்மளுது வந்தப்ப அந்த அம்மாதான் மேடைல.

ஜவஹர்: …நெட்ல பாத்தியா?

ஜானு: நம்ம நெட்லயா? ஏன் பா வயித்தெரிச்சலக் கெளப்புற. நான் வந்தேன்.

ஜவஹர்: எங்க?

ஜானு: கூட்டம் நடந்த அந்த ஓட்டலுக்குத்தான். யார் வேணா வரலாம்னு நீதானே சொன்ன? அன்புவ கடைல வுட்டுட்டு, மீன் வாடை போவட்டும்னு தேச்சுத் தேச்சுக் குளிச்சிட்டு வந்தேன். கழுத்துல பேர் போட்ட அட்டை மாட்டிவுட்டாங்க. ஏசி ஹாலு. கடைசி வரிசைல குந்திகினு உன் முதுகத் தேடினேன்.

ஜவஹர்: ஜானு…

ஜானு: அந்த அம்மா உன் பேரைக் கூப்ட்டுச்சு. அப்பால மறுபடியும் கூப்ட்டுச்சு. எழுதினவர் ஹால்ல இருக்காரான்னு எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. ஜப்பான்காரரும் பாத்தாரு. அவரு அழல.

ஜவஹர்: …பனகல் பார்க்ல இருந்தேன்.

ஜானு: ம்.

ஜவஹர்: டீ குடிக்கறப்ப விசாலாக்ஷி மேடம் வந்தாங்க. அன்பாத்தான் கேட்டாங்க. "இந்த ஒரு கேள்விக்கு என்ன வெச்சிருக்கேள்? நீங்க பதில் சொன்னா நானே எழுந்து ஆதரிக்கறேன்"னு. என்கிட்ட ஒண்ணும் இல்ல ஜானு. இத்தனை மாசம் எழுதினேன், அது தோணவே இல்ல. பக்கத்துல ரெண்டு பேர், "அடுத்தது அந்த மீன்குப்பத்துக் கதை, காபி எடுத்துக்கலாம், நேரமாகாது"ன்னு சிரிச்சாங்க. ஹாலுக்குத்தான் நடந்தேன். கால் தெருவுக்குப் போயிடுச்சு. பார்க் பெஞ்சுல உக்காந்து, முடிவு வருதான்னு ஃபோனையே பாத்துக்கிட்டு…

ஜானு: அங்க டவரு நல்லா எடுத்துச்சா?

ஜவஹர்: ரெண்டு அறை விட்டுடு. இப்படிப் பேசாத.

ஜானு: அறைஞ்சா நம்பர் வருமா?

ஜவஹர்: …யாருமே பேசலையா?

ஜானு: அந்த மேடம் மட்டும் அவங்க கேள்விய கேட்டாங்க. பதில் சொல்ல ஆளு இல்ல. ஆதரவா யாருனா கீறாங்களான்னு அந்தத் தலைவர் அம்மா மைக்கைப் பாத்துகினே கொஞ்ச நேரம் நின்னுச்சு.

ஜவஹர்: நீ இருந்தேல்ல? நீ அங்கதானே இருந்த? என்னை விடு, நான் கோழை. அன்பு பக்கத்துல உக்காந்தவ நீ. அந்தக் கேள்விக்கு பதில் இல்லாட்டி என்ன, நடந்ததைச் சொல்லியிருக்கலாம்ல? எழுந்து போயிருக்கலாம்ல?

ஜானு: போனேன்.

ஜவஹர்: …மைக்குக்கா?

ஜானு: ம்.

ஜவஹர்: அப்ப… ஃபோன்ல வந்த முடிவுல, ஆதரவுன்னு ஒரு குரல்கூட பதிவாகலைன்னு போட்டிருந்தானே. நீ என்ன சொன்ன?

ஜானு: அந்த விசாலாக்ஷி மேடமே எந்திரிச்சு வந்து என் தோளைத் தொட்டுச்சு பா. "தமிழ்லயே சொல்லும்மா, பயப்படாதே, நான் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்"னுச்சு. மொத்த ஹாலும் என்னையே பாக்குது. அன்பு பேரு நாக்கு வரைக்கும் வந்துச்சு… "பாத்ரூம் எங்க கீது மேடம்"னு கேட்டேன். கைய காட்னாங்க. போய்ட்டேன்.