பொங்கல் தின்ற முதுகு

ஷேர் ஆட்டோவில் டிரைவர் இருந்தார். தொன்னையோடு ஒரு மாமி இருந்தார். விஜயபுரத்துப் பெண் ஒருத்தி. அவளுடைய ஓரகத்தி, இளையவள். ஓரமாக நான். திருச்சானூர் தாண்டி ரயில்வே கேட்டில் நின்றோம். பனிக்குள் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. அதற்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

"துன்னாதான் முதுகு நோவுது. துன்னலன்னா நோவே இல்ல," என்றாள் பெரியவள்.

"துன்னாமயே இருந்தா நோவுறதுக்கு முதுகே இருக்காது க்கா."

"வேர்க்கடல புடுங்கக் குனிஞ்சதுல வந்ததுன்னு நெனச்சேன். கேஸுன்னு மாத்திர குடுத்தாங்க. இந்த டாக்டரு பித்தப்பையில கல்லு இருக்கும்ன்றாரு."

"அதான் ஸ்கேன் எடுக்கப் போறோமே. இன்னிக்கித் தெரிஞ்சிடும்."

மாமி தொன்னையை நீட்டினார். "தாயார் பிரசாதம். எடுத்துக்கோங்கோ."

பெரியவள் பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ முழுக்க நெய் வாசனை.

"அக்கா! வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களே!"

"கையில குடுத்தத எப்டி வேணாம்றது? தாயார் குடுத்தது வயித்துல கணக்காவாது."

"மிஷினுக்குத் தாயாரத் தெரியுமா?"

கூட்ஸ் இன்னும் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அவள் முதுகுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. கேட் திறந்தபோது அவள் கை வலது தோளுக்குக் கீழே போனது.

"வந்துட்டிச்சா?"

"வந்துட்டிச்சி."

இளையவள் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டாள். "சாயந்திரம் வரச் சொல்றாங்க க்கா. அது வரைக்கும் ஒண்ணும் துன்னக் கூடாதாம்."

"அப்பாடா. எத்தினி நேரம்?"

"எட்டு மணி நேரம்."