நல்ல பிள்ளையா நின்ன முள்ளு

இல்லண்ணே, அந்த டெம்பரேச்சர் முள்ளப் பாக்காதீங்க, பாத்தா பயம்தான் வரும்... சரி, பாருங்க. கார வாங்க வந்தவரு, தெரிஞ்சுதான் வாங்கணும். இன்ஜின் ஓடட்டும், அணைக்காதீங்க. எங்கப்பா ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்பறப்ப சட்டை பட்டன் போட்டுக்கிட்டே என்ன சொன்னாரு தெரியுமா? "தமாண்டா, பிளான்டைர்லேருந்து ஒருத்தர் கார் பாக்க வருவாரு. கேட்டதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லு." நீங்க இன்னும் ஒண்ணுமே கேக்கல, நான் பேசிக்கிட்டே இருக்கேன். என்ன பண்ணட்டும், எனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடம் நின்னதும் அதாலதான், அது வேற கதை.

ஜோம்பா சந்தையில ஆள ஏத்திக்கிட்டு மலை மேல போறதுதான் என் பொழப்பு. பாதி ஏத்தத்துல முள்ளு திடீர்னு செவப்புக்கு எகிறும். அடுத்த வளைவுல கீழ வரும். திரும்ப ஏறும். பின்சீட்டுல காலி ஸ்ட்ராபெரிக் கூடைய மடியில வச்சிருக்கற அம்மாமாருங்க ஜபத்தையே ஆரம்பிச்சுடுவாங்க. நிறுத்தி பானெட்டத் தெறந்தா ஒண்ணுமில்ல. தண்ணி வச்சது வச்சபடி இருக்கு. ஹோஸத் தொட்டா தினமும் சுடற சூடுதான்.

அப்பா பயப்படறதுலயும் நியாயம் இருக்கு. போன வருஷம் எதிர்வீட்டு மினிபஸ் இன்ஜின் சூடேறி ஜாமாயிடுச்சு, இப்ப அதுக்குள்ள கோழி அடகாக்குது. அதான், நம்மளது போறதுக்கு முன்னாடி தலைமுழுகிடலாம்னு விக்கிறாரு. கார் போச்சுன்னா நான் லிலோங்வேக்கு, அத்தை வீட்டுக்கு. அங்க நாலு வாண்டுங்க, நாலும் மூக்கொழுகி. தொடச்சு விடத்தான் என்னக் கூப்பிடறாங்க. அதனால நீங்க இந்தக் கார வாங்கக் கூடாதுன்னுதான் எனக்கு. வெளிப்படையா சொல்லிடறேன்.

மொதல்ல மெக்கானிக் கம்வெண்டோ மாஸ்டர்கிட்ட போனோம். எந்த வண்டி வந்தாலும் அவருக்கு ஒரே வைத்தியம், தெர்மோஸ்டாட்ட, அதான் சூடானா தெறந்து தண்ணிக்கு வழி விடற வால்வ, புடுங்கி வீசறது. அது பனி நாட்டுக்காரனுக்கு வச்ச சாமான், நம்ம வெயிலுக்கு எதுக்குன்னாரு. கொட்டகை ஓரத்துல புடுங்கினது குவியலா கெடக்கு, பல் டாக்டர் வீட்டுக் குப்பை மாதிரி. புடுங்கி என்னாச்சு? எறக்கத்துல இன்ஜின் சூடே பிடிக்காம பெட்ரோலக் குடிச்சுது. முள்ளு மேலயும் எகிறிச்சு, கீழயும் விழுந்துச்சு. அரைப் பைத்தியம் முழுப் பைத்தியமாச்சு. நானே அந்தக் குவியல்ல தேடி ஒண்ண எடுத்து, கொதிக்கற தண்ணியில போட்டு, தெறக்குதான்னு பாத்து மாட்டினேன். ஆமா, ன்சிமாக் களி கிண்ட வச்ச தண்ணிதான். அம்மா ஒரு வாரம் எங்கூடப் பேசல.

அப்புறம் இன்னொரு மெக்கானிக், சைதி. ரேடியேட்டர் மூடிய மாத்தினான், வாட்டர் பம்ப்ப மாத்தினான். உள்ள காத்து அடைச்சிருக்குன்னு வண்டி மூஞ்சிய மேட்டுல ஏத்தி நிறுத்தி காத்தையும் எடுத்தான். எனக்கு எதுல ஆத்திரம்னா, இவங்க முன்னாடி மட்டும் முள்ளு நல்ல பிள்ளையா நடுவுல நிக்கும். பெரியவங்க எதிர்ல பாட்டு வேணாமேன்னு நான் அணைச்சுட்டு கையக் கட்டி நிப்பேன். முள்ளும் எங்கூட கையக் கட்டி நிக்கும். ரோட்டுக்கு வந்து பாட்டப் போட்டா மறுபடி குதிக்கும்.

பின்னாடி இருக்கே, அந்த ஸ்பீக்கர் பொட்டிதான். நானே மாட்டினது. பாட்டு இல்லாத வண்டியில இங்க எவன் ஏறுவான்?

என்னண்ணே டிக் டிக்னு... இன்டிகேட்டரா? நாங்க யாரும் அதத் தொடறதே இல்ல. கைய வெளிய நீட்டினா மாடுகூட ஒதுங்கிடும். உங்க ஊருல...

இருங்க. அணைக்காதீங்க. முள்ளப் பாருங்க. விளக்கு எரிஞ்சா ஏறுது, அணைஞ்சா எறங்குது. ஒரு டிக்குக்குள்ள இன்ஜின் சூடாகி ஆறிடுமா? இது சூடே இல்லண்ணே. கரண்டு. எங்கயோ எர்த் சரியில்ல.

காலத் தள்ளிக்குங்க, ஸ்டீயரிங்குக்குக் கீழ போறேன். மீட்டரோட எர்த் வயர் இந்த போல்ட்டுலதான்... ம். ஆடுது. இதுல இன்னொரு கறுப்பு வயரையும் எவனோ சேத்துச் சொருகி...

அது என் ஸ்பீக்கர் வயர்.

மரை போயிருந்துச்சுண்ணே. இறுகலன்னு சூயிங்கம் காகிதத்த மடிச்சு வச்சுத் திருகினேன். எப்பவா... முள்ளு ஆட ஆரம்பிச்ச அதே வாரம். ஒரு பம்ப்பு, ஒரு மூடி, அம்மாவோட மௌனம், எல்லாம் ஒரு மிட்டாய்க் காகிதத்துக்கு. கம்வெண்டோ மாஸ்டரப் பத்தி நான் சொன்னத அவருகிட்ட சொல்லிடாதீங்க.

இன்ஜின அணைங்க. துருவச் சொரண்டிட்டு பெரிய போல்ட்டாப் போடறேன். என் வயரு இந்தப் பக்கமா தனியா... ஆச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணி இன்டிகேட்டர் போடுங்க. லைட்டு. ஹாரன். பாட்டு. இன்னும் சத்தமா வைங்க.

பாத்தீங்களா, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இன்ஜின்ல ஒரு குறையும் இல்லண்ணே, புது பம்ப்பு, புது மூடி, சோதிச்சுப் போட்ட தெர்மோஸ்டாட். இந்த மாதிரி வண்டி ஜோம்பாவுலயே...

ஏன் சிரிக்கறீங்க?

யாருக்கு போன், அப்பாவுக்கா? அவரு சாவு வீட்டுல இருக்காரு, எடுக்கமாட்டாரு... எடுத்துட்டாரா. அண்ணே, அந்த போல்ட்டு இன்னும் ஆடற மாதிரி இருக்கு, ஒரு தடவ எறங்கினீங்கன்னா... சாவிய ஏன் பையில போடறீங்க?

என்கிட்டயா? குடுங்க.

ஆமாப்பா... ஆமா, முள்ளு ஆட்டம் நின்னுடுச்சு... நான்தான்... இல்ல, அழல... நாளைக்குக் காலையில லிலோங்வே பஸ்ஸா?

ஆமா.