பின்தங்கிய காலடி

சேவூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் பட்டு நெசவாளர், மற்றவர் அரிசி மில்லில் வேலை செய்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நான் காலையில நடக்க ஆரம்பிச்சதுலருந்து அவன் பின்தங்கிட்டாம்பா,” என்றார் நெசவாளர்.

“எவன்?”

“என் தம்பி ஆத்து வெள்ளத்துல போனப்புறம், தறியில குந்தினாலே பிடரியில யாரோ மூச்சு வுட்டுகினு இருந்தாப்ல இருக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். இழை அறுந்துகினே இருக்கும். தூக்கமில்ல, ஒரே பேஜாரு. டாக்டருதான், மாத்திரை மட்டும் போதாது, தெனம் காலையில வேகமா நடன்னாரு.”

“சரியாச்சா?”

“மொதல்ல காலடிச் சத்தம் என்னை ஒட்டிகினே வந்துச்சு. திரும்பிப் பாக்காம நடந்தேன். நடக்க நடக்க நெஞ்சு லேசாச்சு. சத்தமும் தள்ளித் தள்ளிப் போச்சு. இந்த வாரம் சத்தமே இல்ல. நல்லா தூங்கறேன்.”

மில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“என் வூடு அந்த ரோட்லதான கீது. பல்லு வெளக்கசொல்ல நீ போறத தெனம் பாப்பேன். உன் பின்னாலயே ஒருத்தன் ஈர வேட்டியோட வருவான். உன் கூட்டாளின்னு நெனச்சேன்.”

“இப்பவும் வர்றானா?”

“இல்ல. நடக்க முடியாம எங்க வாசப்படியில குந்திட்டான். இன்னும் எழுந்திருக்கல.”

நெசவாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சேவூர் வந்ததும் எல்லோரும் இறங்க எழுந்தார்கள். மில்காரர் மட்டும் எழவில்லை.

“நாளைக்கு நடக்கப் போகசொல்ல என்னையும் கூப்புடுப்பா,” என்றார்.