மரம் போட்ட மெசேஜ்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடை. காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். வெளியே தார் உருகும் வெயில். இளையவள் போனைப் பார்த்துப் பதறினாள்.

“ஐயோ அக்கா, மரம் மெசேஜ் போட்டிருக்கு.”

“என்னடி விசர்க்கதை? எந்த மரம்?”

“எங்கட வாசலிலை புதுசா நட்ட மரம். அடியிலை ஒரு கருவி வைச்சிருக்கினம். மண் காய்ஞ்சா, தண்ணி ஊத்தப் பேர் குடுத்த ஆக்களுக்கு அறிவிக்கும். போன வருசம் நட்டது வெயிலுக்குப் பட்டுப்போச்சு, அக்கா. இதையும் சாகவிடேலாது.”

உடனே கணவருக்குப் போன் அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“இஞ்சேருங்கோ, கீழை போய் மரத்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்திவிடுங்கோ.”

“இப்பதான் வேலையாலை வந்து சாய்ஞ்சனான். மரத்துக்கும் போன் வாங்கிக் குடுத்தாச்சோ?”

முணுமுணுத்தாலும் மனிதர் படியிறங்குவது கேட்டது. வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை.

திடீரென்று போனுக்குள் சிரிப்பு.

“இஞ்சை வந்து பாரும்! மரத்தைச் சுத்தி வாளியோடை முழுக் கட்டடமும் நிக்குது. எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு!”

“மேல்வீட்டு வெள்ளைக்கார மதாமுமோ?”

“ஓம், எங்கட தாளிப்பு மணத்துக்கு யன்னலை அடிச்சுச் சாத்திற மனிசிதான். இண்டைக்குத்தான் என்ரை பேரைக் கேட்டவ. பின்னேரம் எல்லாரும் மரத்தடியிலை இருந்து சாப்பிடுவமாம். நீர் கிழங்கு ரோல்ஸ் செய்வீர் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்னைக் கேக்காமலோ?” என்றவள், முகமெல்லாம் சிரிப்போடு கடைக்காரரிடம் திரும்பினாள்.

“அண்ணை, இன்னும் ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு போடுங்கோ. வடிவான கிழங்காப் பாத்து.”